கேட் பார்த்துப் போட்ட வரிசை

அப்பா பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறார். மர்பி டவுனில் வீடு. இந்த ஊரில் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ் அத்தனையும் அவருக்குத் தெரியும், அதாவது கேட் வரைக்கும். எங்கே செக்யூரிட்டி மரியாதையாகப் பேசுவான், எங்கே வண்டியை நிறுத்தினால் விரட்டுவான் என்பதெல்லாம் அத்துப்படி. உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் அவரைக் கேட்கக் கூடாது. அந்த வயதில் என்னையும் கேட்டிருக்கக் கூடாது.

பி.யு.சி., அதாவது இந்த ஊர் பிளஸ் டூ, முடித்து நுழைவுத் தேர்வில் ரேங்க் வந்ததும், எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அந்த வரிசைப்படிதான் சீட். அல்சூரில் ஒரு சைபர் சென்டரில் போய் உட்கார்ந்தோம்.

"உனுக்கு இன்னா படிக்கணும்னு இருக்குது? சொல்லும்மா."

"தெரியலப்பா."

"கம்ப்யூட்டரா, வேற எதுனாவா?"

"எதுனாலும் சரி. நீயே போடு."

போட்டார். பெரிய கேட் உள்ள காலேஜ்களை மேலே ஏற்றினார், அவற்றில் இருந்த எல்லாப் படிப்புகளோடும் சேர்த்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சுற்றில் ஆனேக்கல் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. அம்மா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "அங்க போயிருக்கேன். கேட்டே இல்ல, தகரம் வெச்சு அடிச்சிருக்கான்" என்றார். கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போக ஒரு வழி இருந்தது. போனோம். வரிசையில் மேலே உள்ளது கிடைத்தால் கையில் உள்ளது தானாகப் போய்விடும் என்று திரையில் தெளிவாகவே போட்டிருந்தது. இருவரும் படித்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் பெரிய கேட் காலேஜில் சிவில் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் போய்விட்டது.

நான்கு வருடம் கான்கிரீட் கட்டிகளை உடைத்து எத்தனை பாரம் தாங்கும் என்று எழுதினேன். பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் துணிச்சல் இல்லை, வேறு எது பிடிக்கும் என்று திருப்பிக் கேட்பார்களே. கடைசி வருடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது, நானும் போனேன். இப்போது மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பதவி உயர்வு வருகிறது. எனக்குப் பாராட்டு மெயில் வருகிறது.

போன மாதமும் அப்படி ஒரு மெயில் வந்தது. அன்று சாப்பிடும்போது எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தரையாவது கேட்டிருக்கலாமில்லப்பா? என் வாழ்க்கையே அந்த ஒரு லிஸ்டுலதான இருந்தது?" என்று கத்தினேன். அம்மா தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கேட்டேம்மா. ஒரு மாசம் வண்டில ஏறினவங்களை எல்லாம் கேட்டேன். ஒருத்தரு சிவில்ன்னாரு, ஒருத்தரு கம்ப்யூட்டர்ன்னாரு. சொல்லிட்டு அவங்கவங்க இடத்துல இறங்கிப் போயிட்டாங்க" என்றார். தட்டில் இருந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்தார். "இறங்காம கூடவே இருந்தவ நீ ஒருத்திதான். நீயும் தெரியலன்னுட்டே."