மாமன்மார் கொடுத்துவிட்ட மடிக்கணினிகள்

உரும்பிராயில் பாலேஸ்வரி ஓரிடத்தில் உட்கார்ந்து இருந்ததைக் கண்டவர்கள் குறைவு. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். சோற்றுக் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடப்பாள். "ஒருக்கால் இரப்பா" என்று சொல்லிச் சொல்லியே அவள் புருஷன் களைத்துப்போய், இப்போது தன் தோட்டத்தோடும் வெங்காயத்தோடும் மட்டும் கதைப்பார். அப்படிப்பட்ட மனுசிக்கு, மகள் ஆரணி மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கத் தெரிவாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வீட்டு நாய்கூட நிம்மதியாகப் படுக்கவில்லை.

பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். இதில் என்ன பெரிய சங்கதி? அந்தப் போகம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனதால் கையில் காசும் இருந்தது. அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற கஜந்தினியிடம் கேட்டு, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் ஆரணி ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். கறுப்பு நிறம், கொஞ்சம் பாரம். வடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டடங்களை வரைகிற மென்பொருள் எல்லாம் அதில் திணறாமல் ஓடும். போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

முடிந்திருக்கும், பாலேஸ்வரிக்கு வெளிநாட்டில் கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் இருந்திருந்தால். தமையன் பஞ்சலிங்கம் கனடாவில், ரொறன்ரோவில்; தம்பி ஜெயரூபன் பாரிஸில். தாய்மாமன்மார் இரண்டு பேர் உயிரோடு இருக்க, மருமகளுக்கு இவ்வளவு பெரிய சாமானை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிடலாமா? நாளைக்கு "எங்களை மதிக்கேல்லை" என்று வரும். கேட்டால் ஒரு மரியாதை. ஒருவரைக் கேட்டு மற்றவரை விட்டால் அது பெரிய மரியாதைக்கேடு.

அந்த வீட்டில் அது வெறும் மரியாதைக்கேட்டோடு நிற்கக்கூடியதும் அல்ல. தமையனும் தம்பியும் ஏழு வருடமாகக் கதைப்பதில்லை.

தாய் இறந்தபோது தொடங்கிய வினை அது. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். இளையவனுக்கு அப்போது பிரான்சில் விசா இல்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தமையன்தான் ரொறன்ரோவிலிருந்து ஓடிவந்து கொள்ளி வைத்தார். வீடியோவிலாவது அம்மாவைப் பார்க்கிறேன் என்று தம்பி அழுதுகொண்டு நின்றான். போன் பாலேஸ்வரியின் கையில். பிரேதத்தை எடுக்கிற நேரம் பார்த்துத் தமையன் அதைப் பறித்து நிறுத்திவிட்டார். "சாவீட்டிலை என்ன படமே காட்டுறியள்?" என்றார். இரண்டு நாள் நித்திரை இல்லாத களைப்பிலும் துக்கத்திலும் வந்த வார்த்தைதான். ஆனால் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் நின்ற பெடியனுக்குத் தாயின் முகம் அந்த இடத்தோடு இல்லாமல் போனது.

பிறகு விசா கிடைத்தும் அவன் ஊருக்கு வரவில்லை. "அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கட்டும், வாறன்" என்றான். "நான் என்ன பிழை செய்தனான், மன்னிப்புக் கேக்க?" என்றார் அவர். இரண்டு பேரும் பாலேஸ்வரியோடு மட்டும் கதைத்தார்கள். அவளும் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடாமல், இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் மற்றப் பக்கம் கைவிட்டுப் போய்விடும் என்பதுதான் அவளுடைய ஒரே பயம். ஒருவேளை அந்தப் பயம்தான் அவளை ஓரிடத்தில் இருக்க விடவில்லையோ என்னவோ.

முதலில் தமையனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஆரணிக்கு லப்டொப் ஒண்டு வாங்கவேணும். எது நல்லதெண்டு உங்களைக் கேளாமல் எப்பிடி வாங்கிறது எண்டுதான்..."

"நீ ஒண்டும் வாங்காதை. நான் குடுத்துவிடுறன். நல்லூர்த் திருவிழாவுக்கு இஞ்சையிருந்து ஆள் வருது."

"ஐயோ அண்ணை, நான் அதுக்குக் கேக்கேல்லை!"

"பேசாமல் இரு. உவனிட்டையும் கேட்டனியோ?"

"சீச்சீ! உங்களிட்டை மட்டும்தான்."

தம்பியையும் கேட்க நினைத்திருந்தவள்; அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அடுத்த நாள் தம்பிக்கு எடுத்தாள். அவனும் அவளை முடிக்க விடவில்லை.

"அக்கா, அம்மாவுக்குத்தான் நான் ஒண்டும் செய்யக் கிடைக்கேல்லை. இதையாவது செய்ய விடுங்கோ. அவரிட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லையடா தம்பி. உனக்குத்தான் முதல் சொல்லுறன்."

இதற்கு யாரைக் குறை சொல்வது? யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுச் சகோதரனிடம் "எது நல்லது" என்று கேட்டால், "ஒன்று வாங்கி அனுப்பு" என்று கேட்டதற்குச் சமம். பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நாற்பத்தேழு வயது மனுசிக்கு அது மறந்துபோனது. பிறந்த நாளிலிருந்து ஒருவரிடமும் 'தா' என்று கேட்காதவள், இரண்டு நாளில் இரண்டு பேரிடம் கேட்டவளாகிவிட்டாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அம்மா, உடனை எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் ஆரணி.

"நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை." அந்த நாளைக்கு வரவேயில்லை.

திருவிழா வந்தது. நல்லூரில் வந்து நின்ற இரண்டு குடும்பங்களிடம் இரண்டு தரம் போய், சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் துவாயால் சுற்றியிருந்த இரண்டு மடிக்கணினிகளை வாங்கி வந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்தது சாம்பல் நிறம், கடுதாசி மாதிரி மெல்லிசு. பாரிஸிலிருந்து வந்தது வெள்ளிபோல மினுங்கியது; ஆனால் விசைப்பலகை பிரெஞ்சுக்காரருடையது, எழுத்துகளெல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்தன. ஆரணி இரண்டிலும் வரைகிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். ஒரு மதிலும் இரண்டு யன்னலும் வரைவதற்குள் இரண்டும் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டன.

"ரெண்டும் நல்ல சாமான்தான் அம்மா. கந்தோரிலை கடிதம் அடிக்கிறதுக்குத் திறம். என்ரை படிப்புக்குச் சரிவராது."

"மெல்லக் கதை! ஆருக்கும் கேக்கப்போகுது" என்றாள் பாலேஸ்வரி, ஏதோ ரொறன்ரோ பக்கத்து வளவில் இருப்பது போல.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது கூத்து. தமையன் வீடியோவில் வந்தால் சாம்பல் நிறத்தது மேசையில் இருக்கும், வெள்ளி நிறத்தது கட்டிலுக்குக் கீழே போகும். தம்பி வந்தால் மறுபடி மாற வேண்டும். தொலைபேசி அடிக்கிற சத்தம் கேட்டாலே பாலேஸ்வரி அடுப்பில் இருந்ததை விட்டுவிட்டு ஓடுவாள். கறி அடிப்பிடித்தது. புருஷன் ஒரு நாள் வெறும் சோற்றைத் தயிரோடு பிசைந்துகொண்டு, "உன்ரை அண்ணன் தம்பி, நீ பார்" என்று சொன்னதோடு சரி. "மருமகள் என்ரை லப்டொப்பைக் கொண்டுபோகேக்கை ஒரு படம் எடுத்து அனுப்பு" என்று தமையன் கேட்டார். அதையேதான் தம்பியும் கேட்டான். எதை எடுத்துக்கொண்டு நிற்கிற படத்தை யாருக்கு அனுப்புவது என்று அவள் முற்றத்தைக் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

கடைசியில் ஆரணிதான் வெடித்தாள். சாம்பல் நிறத்ததைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்த தாயைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் படிக்கப் போறனோ, மாமாமாரைச் சமாதானப்படுத்தப் போறனோ? உங்கடை சண்டையை என்ரை பையுக்கை வைச்சு அனுப்பாதேங்கோ அம்மா!"

பாலேஸ்வரிக்குக் கோபம் வந்தது, கையை ஓங்கினாள்கூட. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளை சொன்னதில் என்ன பிழை? ஏழு வருடமாகத் தான் சுமந்த சனியனை, வீட்டை விட்டு முதல் முதல் வெளிக்கிடுகிற பிள்ளையின் தலையில் அல்லவா ஏற்றப் பார்த்தாள்? "சட்டையை மாத்து, ரவுணுக்குப் போவம்" என்றாள்.

கடையில் அவள் அந்தக் கறுப்பு மடிக்கணினியைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தாள், பூசணிக்காய் வாங்குகிறவள் போல. கடைக்காரப் பெடியனுக்குச் சிரிப்பு.

"தம்பி, வீடு வரைஞ்சால் நிண்டு நிண்டு ஓடாதுதானே?"

"கோபுரமே வரையலாம் அன்ரி."

"கோபுரம் வேண்டாம். பிள்ளை நாலு வீடு நிமிந்து நிக்கிற மாதிரிக் கட்டினால் காணும்."

வாங்கினார்கள். ஆரணி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த சந்தோஷத்தைப் பாலேஸ்வரி பக்கத்தில் நின்றபடியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டாள். ஒரே பதிவு, இருவருக்கும்.

"அண்ணை, தம்பி, உங்கள் ரெண்டு பேருக்கும் இதைத்தான் சொல்லுறன். நான் ரெண்டு பேரிட்டையும் கேட்டனான். மற்ற ஆளைக் கேக்கேல்லை எண்டு ரெண்டு பேருக்கும் பொய் சொன்னனான். ரெண்டும் வந்தது. ரெண்டும் பிள்ளையின்ரை படிப்புக்கு உதவாது. நாங்கள் ஒண்டு வாங்கிப் போட்டம். உங்கடையை வந்த ஆக்களிட்டையே திருப்பிக் குடுத்துவிடுறன். வைச்சிருந்தால் நான் திரும்பவும் பொய் சொல்லவேணும். எனக்கு இனி ஏலாது. கோவிக்கிறதெண்டால் கோவியுங்கோ."

அனுப்பிய பிறகுதான் செய்த காரியம் விளங்கியது. கொடுத்துவிட்டதைத் திருப்பி அனுப்புவது என்றால் அது முகத்தில் அடித்தது மாதிரி. வந்திருந்த ஆட்களும் "என்ன, மாமன்மாரோடை கோவமோ?" என்று கேட்டுக்கொண்டுதான் திருப்பி வாங்கினார்கள். இருவரும் பதிவைக் கேட்டுவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒருவரும் அவளுக்குப் போன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கத் துணியவில்லை. இத்தனை வருடம் விழாமல் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டையும் தானே கைநழுவ விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை. நடந்த நடையில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையில் ஒரு புல்லும் மிஞ்சவில்லை.

ஒரு பின்னேரம் மல்லிகைக் கன்றுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றபோது தமையன் எடுத்தார். வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"உனக்கு ஆரடி இவ்வளவு தலைக்கனம் தந்தது? குடுத்துவிட்டதைத் திருப்பி விடுறதோ? நாங்கள் என்ன பிறத்தி ஆக்களே?"

"பிழைதான் அண்ணை."

"பிழையெண்டு சொன்னால் சரியோ? பொய்யும் சொல்லிப்போட்டு! தம்பியும் இதைத்தான் சொல்லுறான், அக்கா எங்கள் ரெண்டு பேரையும் நல்லாப் பேய்க்காட்டிப் போட்டா எண்டு."

பாலேஸ்வரியின் கையிலிருந்த வாளி சரிந்து தண்ணீர் காலில் கொட்டியது.

"ஆர் சொன்னது?"

"தம்பி."

"எந்தத் தம்பி, அண்ணை?"

"விசரே உனக்கு? எங்களுக்கு எத்தினை தம்பி? ரூபன்தான். உன்னை ஏசிறதுக்கெண்டே எனக்கு எடுத்தவன். கனநேரம் ஏசினம்." அவர் தொண்டையைச் செருமினார். "பிறகு அம்மாவைப் பற்றியும் கதைச்சம். அண்டைக்கு நான் அந்தப் போனை நிப்பாட்டியிருக்கக் கூடாதுதான்."

பாலேஸ்வரி சரிந்த வாளியை நிமிர்த்தினாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

"கேக்குதோ? அம்மாவின்ரை திவசத்துக்கு ரெண்டு பேரும் வாறம். வந்து உனக்கு இருக்குது, பார்!"

"வாங்கோ அண்ணை," என்றாள். "வந்து நல்லா ஏசுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து ஏசுங்கோ."

தொலைபேசி ஓய்ந்தது. அவள் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற மணம் வந்தது, எழும்பவில்லை. உள்ளே புது மடிக்கணினியில் எதையோ வரைந்துகொண்டிருந்த ஆரணி யன்னலால் எட்டிப் பார்த்துப் பதறிப்போய் வெளியே ஓடிவந்தாள்.

"அம்மா! என்ன, இருக்கிறியள்? என்ன நடந்தது?"

"மாமாமார் ஏசுகினமடி," என்றாள் பாலேஸ்வரி, கண்ணைத் துடைக்காமலே. "ரெண்டு பேரும்."