கிணற்றோடு நிறுத்திவிட்டார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் திருவண்ணாமலையிலேயே நடந்தது இது. நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடுகிறது. பயத்தில் இல்லை, கோபத்தில்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆபீசுக்கு வேலைக்கு வரும் பெண்கள்தான் வாடிக்கை. காலையில் துணியைக் கொடுத்துவிட்டு சாயங்காலமே ஜாக்கெட் கிடைக்குமா என்று கேட்கிற ரகம். அப்படி ஒரு வாடிக்கைக்காரர் மூலமாகத்தான் அந்த மேடம் வந்தார். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவர். புருஷனை விட்டு வந்து தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்களின் வாழ்க்கைக் கதையை, அவரவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்கிறாராம். வாய்மொழி வரலாறு என்று அதற்குப் பெயர். ராஜாக்களுக்கு மட்டும்தான் வரலாறு இருக்கவேண்டுமா, உங்களுக்கு இருக்கக்கூடாதா என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சில மதியங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஊக்கு டப்பாவின் மேல் செல்போனை வைத்துவிட்டு அமைதியாகக் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். அப்படி ஒருவர் நம் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? எதையெல்லாம் செத்தாலும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தோமோ, அதெல்லாம் வெளியே வந்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். அடி உதை, பெண் குழந்தை பிறந்ததற்கு ஏச்சு, எல்லாம் உண்டு. ஒருநாள் எல்லோரும் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயப் போயிருந்த மதிய வேளையில், எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயக்காட்டுக் கிணற்றுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சொல்லவேண்டியதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டதும் குழந்தை இடுப்பிலிருந்து எம்பியது. தொட்டிப் பக்கம் சாய்ந்து சாய்ந்து கையை நீட்டியது. சரி, ஒருமுறை விளையாடட்டும் என்று தொட்டியில் இறக்கினேன். இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். அவளைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டி முடித்தபோது எனக்குக் கிணற்றைத் திரும்பிப் பார்க்கவே மனசு வரவில்லை. ஈரக் குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, திருவண்ணாமலை பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு வந்தவள்தான்.

இதை நான் சொன்னபோது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏன் அவரிடம் போய்ச் சொன்னாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அத்தனை வருடத்தில் என்னிடம் யாருமே கேட்டதில்லை. அவர் கேட்டார்.

என் மகளுக்கு இது தெரியாது. உங்க அப்பாவோடு ஒத்துப்போகவில்லை, உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து, அதை என் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. மேடத்திடமும் இதைச் சொல்லியிருந்தேன். பெயரை மாற்றிவிடுவோம், யாருக்குமே தெரியாது என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து, என் மகள் படிக்கும் கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கம் நடந்தது. மாணவிகள் எல்லோரும் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. அங்கே இந்த மேடம் வந்து கட்டுரை படித்திருக்கிறார். எனக்கு அழகாக ஒரு புதுப் பெயர் வைத்திருந்தாராம். ஆனால் கீழ்பென்னாத்தூர் அப்படியே, வேங்கிக்கால் அப்படியே, கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் தையல் கடை அப்படியே, காலேஜில் படிக்கும் ஒரே மகளும் அப்படியே. இந்த ஊரில் யாருக்கு என் பெயர் தெரியும்? எல்லோருக்கும் நான் தையக்கடைக்காரம்மா, அவள் தையக்கடைக்காரம்மா பொண்ணு. பெயரை மாற்றி என்ன மறைந்துவிட்டது? என்னிடம் ஜாக்கெட் தைத்துக்கொள்ளும் பெண்கள் அந்த ஹாலிலேயே திரும்பி என் மகளைப் பார்த்திருக்கிறார்கள்.

கொடுமை அதோடு முடியவில்லை. மைக்கில் படித்தது எதுவரைக்கும் தெரியுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன் என்பதுவரைக்கும். அதோடு சரி, அடுத்து வேறொரு பெண்ணின் கதை. தொட்டி இல்லை, குளியல் இல்லை, பஸ் இல்லை.

அன்று சாயங்காலம் மகள் கடைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"என்னையும் சேத்தாமா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு மெதுவாக, "இது நெஜமாவே நடந்துதா, இல்ல என்ன சமாதானப்படுத்த இப்ப கட்டி சொல்றியா?" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாதிக் கதையை, படித்தவர் ஒருவர் மைக்கில் நிறுத்தி நிதானமாகச் சொல்லக் கேட்டாள். மீதியை மாட்டிக்கொண்டவள் அழுதுகொண்டே சொல்லக் கேட்டாள். எதை நம்புவாள்? நான்தான் சொன்னேன், எல்லாம் என் குரலிலேயே பதிவாகி இருக்கிறது, நாளைக்குப் போய்க் கேட்கலாம் என்று. நானும் வருகிறேன் என்றாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நாங்கள் போனபோது கல்லூரியில் சாப்பாட்டு நேரம். மேடம் தட்டோடு நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், வாங்கக்கா என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீதியை ஏன் படிக்கவில்லை என்று கேட்டேன். கட்டுரையின் தலைப்பு பெண்கள் படும் கொடுமையைப் பற்றியதாம், அதற்குப் பிறகு நான் சொன்னது வேறு தலைப்பில் போய்விடுமாம், நேரமும் கம்மியாம். நான் பிழைத்து வந்தது தலைப்புக்குள் அடங்கவில்லை! என் மகளும் அந்த ஹாலில் இருந்தாள் என்று தெரிந்ததும் மேடம் அதிர்ந்துதான் போனார், இல்லையென்று சொல்லவில்லை. அதிர்ந்து என்ன பிரயோஜனம்?

சரி, பதிவைப் போடுங்கள், இவள் கேட்கட்டும் என்றேன். அது இல்லையாம். தலைப்புக்குத் தேவையானதை மட்டும் தட்டச்சு செய்துகொண்டு பதிவை அழித்துவிட்டார்களாம். எல்லாம் என் பாதுகாப்புக்காகவாம்.

எனக்குக் கடைசியாக ஒரு வழிதான் இருந்தது. "என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். அன்னிக்கு மீதியையும் நான் சொன்னேனா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "நெறைய பேர்கிட்ட பேசினோம்க்கா. தொட்டி, குளிப்பாட்டினது... சரியா ஞாபகம் இல்ல."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்! பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் சொன்னீங்க என்று ஒரு பொய். அதற்குக்கூட அவருக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சியில் பொய் சொல்லக்கூடாது போலிருக்கிறது, பாதி உண்மை மட்டும் சொல்லலாம்.

பக்கத்தில் இருந்த பேராசிரியர் ஒருவர் என்னைத் தணிக்கப் பார்த்தார். நான் ரொம்பத் தைரியசாலியாம், என் குரல் இன்றைக்குப் பல பேரைப் போய்ச் சேர்ந்திருக்கிறதாம்.

"என் குரல் எங்க சார் போச்சு? அதத்தான அழிச்சிட்டோம்னு சொல்றாங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். திரும்பட்டும் என்று இன்னும் நிறையக் கேட்டேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதானா என்று கேட்டேன். பத்து ரூபாய் துணியானாலும் கத்திரி போடுவதற்கு முன்னால் அளவு சரியா என்று நான் இன்னொரு தடவை கேட்கிறேனே, என் வாழ்க்கையை வெட்டும்போது எனக்கு ஒரு போன் போட உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன். மேடம் அழுதார். இந்த முறை அந்த அழுகை எனக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் என் மகள் என் கையைப் பிடித்தாள். "வா மா, போலாம். இவங்ககிட்ட எதுக்கு கெஞ்சற?" என்று இழுத்துக்கொண்டு வந்து ஸ்கூட்டியில் உட்கார வைத்தாள். கடைக்கு வந்ததும் அவளே ஷட்டரைத் திறந்தாள்.

பிறகு மேடம் சில தடவை போன் செய்தார். புத்தகமாக வரும்போது முழுசாகப் போடுகிறேன் என்றார். ஒன்றுமே போடவேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டதாகச் சொன்னார். இருக்கலாம். அந்த ஹாலில் கேட்டவர்கள் காதிலிருந்து எடுக்க யாரால் முடியும்?

யாரும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாமல் எத்தனையோ பேர் என்னைப்போல வைத்துக்கொண்டு புழுங்குகிறார்கள். ஆனால் கதையை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, அது இன்னும் ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிற விஷயம் என்ற நினைப்பு வேண்டும்.

என் மகள் இப்போது மேலே படிக்கிறாள். என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். உன்னை நம்புகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, நம்புகிறாயா என்று நானும் கேட்கவில்லை. ஆனால் எப்போதாவது, ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே, தொட்டித் தண்ணி ஜில்லுனு இருந்துதா, நான் அழுதேனா, பஸ்ஸில் யார் எழுந்து இடம் கொடுத்தது என்று கேட்பாள். சொல்வேன். சில மாதம் கழித்து அதையே திரும்பக் கேட்பாள். அந்தக் கதை பிடித்துப்போய்க் கேட்கிறாளா, போன தடவை சொன்னதும் இந்தத் தடவை சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்குப் பதில் சொல்லும்போது சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறேனே, அப்படி என்னை ஆக்கிவிட்டுப் போனார்களே, அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.