முதலில் போக வேண்டியது

செலுவம்பா மைசூரில் பிறந்தது 1974 ஜூன் 9. பூர்வீகம் மேலுகோட்டை. 2004-இல் ஒரு கண் மருத்துவமனையின் ஆவண அறையில் எழுத்தராகச் சேர்ந்தார். கோப்புகள் கணினிக்குப் போனபோது அவற்றின் பின்னாலேயே அவரும் போனார். இன்று படங்கள் குவியும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு அவர்தான் பொறுப்பு.

மைசூர்ப் பெட்டியில் விழும் ஒவ்வொரு படத்துக்கும், அறுபது கிலோமீட்டர் தள்ளி சாமராஜநகர் கிளையில் இருக்கும் பெட்டியில் ஒரு நகல் சேர வேண்டும். நடுவில், போகவும் வரவும் நொடிக்கு நூறு மெகாபிட் தாங்கும் லைன் ஒன்றே ஒன்று. நகல் போவதும் அதில்தான், டாக்டர்கள் வீடியோவில் நோயாளியைப் பார்ப்பதும் அதில்தான், கிளையின் காவல் கேமராப் படங்கள் வருவதும் அதில்தான். எது முன்னே, எது பின்னே என்று வரிசை வகுத்தவர் செலுவம்பா. பலரும் நினைப்பதுபோல் நகலுக்கு அவர் முதலிடம் தரவில்லை. இரு பெட்டிகளும் நொடிக்கொரு தரம் ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் துளிச் செய்திக்கும், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குமே முதலிடம். அவை வராவிட்டால் நகலின் அடுத்த கட்டு கிளம்பாது. அப்புறம் டாக்டர், அப்புறம் நகல், கடைசியில் கேமரா.

லைனில் எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகளாக, பாக்கெட்டுகளாகத்தான் போகும்; ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் ஆறே ஆறு பிட்டில் ஓர் அடையாளம். அதைப் பார்த்து, வழியில் எங்கோ ஒரு கருவி பெரியதை நிறுத்திவிட்டுச் சிறியதற்கு வழிவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று அவருக்கு மெய்சிலிர்த்தது. பதினான்கு வருடங்கள் கழிந்தும் அது குறையவில்லை.

2023 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. முந்தின இரண்டு நாளும் குண்டலுபேட்டையில் நடந்த முகாமில் 1,312 விழித்திரைப் படங்கள் எடுத்திருந்தார்கள். காலை 8:15-க்கு அவை மைசூர்ப் பெட்டியில் ஏறின. விதிப்படி முகாம் மடிக்கணினிகளிலிருந்து அவற்றை அழித்தாயிற்று. ஏற்கெனவே ஒரு டிஸ்க் போயிருந்த அந்தப் பெட்டியில் 10:10-க்கு இரண்டாவது டிஸ்க்கும் செத்தது. மூன்றாவதற்கு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டு போனால் பெட்டி தாங்கும்; மூன்றாவதும் போனால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். பழைய படங்களுக்கு நகல் இருந்தது. முகாமின் 41 ஜிபிக்கு மட்டும் இல்லை. புது டிஸ்க் பெங்களூரிலிருந்து வர சாயங்காலம் ஆகும்.

நகலோ நகரவில்லை. கொஞ்சம் போகும், அறுந்துவிடும், இரு பெட்டிகளும் மறுபடி முதலிலிருந்து கைகுலுக்கித் தொடங்கும்.

“லைன் சும்னே காலியா கெடக்கு மேடம்,” என்றார் தகவல் பிரிவு மேலாளர் சுதர்ஷன். “நகலத் தூக்கி மொதல் வரிசைல போட்டுடுங்க, ஆய்த்து.”

“போற பக்கம் காலிதான். வர்ற பக்கத்தைப் பாருங்கோ சார்.”

திரையைத் திருப்பினார். சாமராஜநகரிலிருந்து வரும் பக்கம் நூறும் நிரம்பியிருந்தது. அதுவும் முதல் வரிசையில். அந்த வரிசை இரண்டு மெகாபிட்டைத் தாண்டி அவர் பார்த்ததே இல்லை. கிளையின் டெக்னீஷியன், ஹனூர்க்காரர் முனிராஜுக்கு உடனே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“முனிராஜ், காலைல அந்த ரூம்ல என்ன பண்ணினேள்?”

“ஒண்ணும் பண்ணலீங்க மேடம். பூசைதானுங்க பண்ணுனோம்.”

“பூஜைன்னா?”

“எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மறுக்கா மாட்டிட்டனுங்க. லைட்டெல்லாம் பச்சையாத்தான் எரியுதுங்க!”

“ஸ்விட்ச்ல ஒண்ணாம் நம்பர் போர்ட்ல என்ன மாட்டியிருக்கு?”

“நம்பரு மேல சந்தனமுங்க.”

“தொடைச்சுப் பாருங்கோ.”

“...கேமராப் பெட்டிங்க மேடம். ஏழுலதான் ஸ்டோரேஜ் இருக்குதுங்க.”

கிளையின் கேபிள்களெல்லாம் சேரும் அந்த ஸ்விட்சில், ஒன்றாம் போர்ட்டில் நுழைவது எதுவானாலும் முதல் வரிசை அடையாளம் பெறும். ஏழில் நுழைவது கடைசி. கேமராப் பெட்டி பழைய பதிவுகளையெல்லாம் ராஜபாட்டையில் அனுப்பிக்கொண்டிருந்தது. ‘வந்து சேர்ந்தது’ என்ற துளிப் பதில் அதன் பின்னால் நசுங்கிக் கிடந்தது.

“ஏன்ரீ முனிராஜ், பூஜை சாமிக்கா, போர்ட்டுக்கா?” என்றார் சுதர்ஷன்.

“ரெண்டுக்குந்தானுங்க சார்!”

“கேமராவை முதல்ல எடுங்கோ,” என்றார் செலுவம்பா. “எடுத்தாச்சா? இப்போ ஸ்டோரேஜை ஒண்ணுல போடுங்கோ. நகல் முழுக்கப் போனப்புறம் கேமரா ஏழுல.”

மணி 12:05. திரையில் வரும் பக்கத்துக் கோடு சடாரென்று தரையைத் தொட்டது. போகும் பக்கத்துக் கோடு எழுந்தது, எழுபதில் போய் நின்றது, நின்றபடியே இருந்தது. இவ்வளவு பெரிய ஓட்டத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேலான பதில்கள். சுதர்ஷன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன் உட்கார்ந்தார். செலுவம்பா மூன்றாவது டிஸ்க்கின் விளக்கையும் எண்ணிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். 400. 760. 1,100. டப்பாவில் புளியோதரை ஆறிப்போயிருந்தது.

1:24-க்கு முனிராஜ் அங்கிருந்து படித்தார்: “ஆயிரத்து முன்னூத்திப் பன்னெண்டுங்க மேடம்.”

செலுவம்பா அதை அப்படியே நம்பிவிடவில்லை. கடைசிப் படத்தை சாமராஜநகர்ப் பெட்டியிலிருந்தே வரவழைத்துத் திறந்தார். லிங்கம்மா, வயது 71, வலது கண். ஆரஞ்சு வட்டம், அதில் மயிரிழை மயிரிழையாகப் பிரியும் ரத்தக் குழாய்கள். இந்த ஒரு கண் இருபத்திரண்டாயிரம் துண்டுகளாகப் போய், வந்து சேர்ந்த செய்தி திரும்பி, அங்கே முழுசாகக் கூடி, இப்போது மறுபடி துண்டுகளாக வந்து அவர் எதிரே கூடியிருந்தது. ஓர் இழை விட்டுப்போகவில்லை. செலுவம்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

1:52-க்கு மூன்றாவது டிஸ்க்கும் செத்தது, அதன் விளக்கு அணைந்தது. பெட்டி முழுக்கப் போயிற்று.

தூசி என்று தம் கருவிகள் மேல் ஒரு பூவைக்கூட வைக்க விடாதவர், தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தைக் கிள்ளி, சுவரின் துளை வழியே சாமராஜநகர் லைனுக்குப் போகும் மெல்லிய மஞ்சள் கேபிளில் சுற்றினார்.

“பெட்டிக்கில்லையா மேடம்?” என்றார் சுதர்ஷன்.

“இன்னிக்கு வேலை செஞ்சது இதுதானே சார்.”