குழல்வாய்மொழியும் டூ எயிட்டி சிக்ஸும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் குழல்வாய்மொழி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்தாள். எண்பத்தைந்தில் மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் சங்கிலியைப் பாங்கில் வைத்து ஒரு மெஷினும் வாங்கிப் போட்டாள். தெருவில் பாதிப்பேர் அதை டி.வி. என்றே நினைத்தார்கள். கிரிக்கெட் மேட்ச் அன்று வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனவர்களும் உண்டு.

அதற்கு வேலை கொடுத்தவர் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை வல்லிநாயகம். தினமும் அவர் கடையிலிருந்து நாலைந்து லாரி கேரளாவுக்குப் போகும். புனலூரில் இறங்குவது எத்தனை மூட்டை, கொட்டாரக்கரையில் எத்தனை, எது பெருவட்டுப் பழம், எது பொடிப் பழம் என்று ஒவ்வொரு லாரிக்கும் ஒரு லோடு ஷீட் வேண்டும். கையால் எழுதியபோது ஊர் மாறி இறங்கி, பழம் அழுகிச் சண்டை வரும். அதனால் மூட்டைச் சீட்டுகளை மத்தியான பஸ்ஸில் தென்காசிக்குக் கொடுத்துவிடுவார். குழல் அவற்றை மெஷினில் ஏற்றி, ஊர்வாரியாகப் பிரித்து அச்சடித்து வைப்பாள். லாரிகள் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும், வாசலில் நிறுத்தி வாங்கிக்கொள்வார்கள்.

சிக்கல் என்னவென்றால் மெஷின் ஆமை. எல்லாச் சீட்டையும் ஏற்றி, பிரிக்கச் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது முக்கிக்கொண்டே இருக்கும். வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். இருட்டுவதற்குள் மலையில் ஆரியங்காவைத் தாண்ட வேண்டும் என்று டிரைவர் சுடலைக்கண்ணு ஹாரனை அடித்துத் தெருவையே எழுப்புவார்.

மெட்ராஸில் வேலை பார்த்த அவள் தம்பி வெங்கடேஸ்வரன் மாசாமாசம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை அனுப்புவான். எண்பத்தெட்டு தை மாசத்து இதழில் டூ எயிட்டி சிக்ஸ் என்ற புது சிப்பைப் பற்றி ஆறு பக்கம் போட்டிருந்தார்கள். பழைய சிப்பைவிட நாலைந்து மடங்கு வேகமாம். அதைப் படித்த நாளிலிருந்து குழலுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்றால் புதுசில் எவ்வளவு ஆகும் என்று குழம்பு கொதிக்கும்போதும் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கணபதிசுப்பிரமணியன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசனில் அவரைப் பிடிக்க முடியாது. அருவி நூலாகிவிட்ட மாசங்களில் சாயங்காலமே வந்துவிடுவார். வந்ததும் மண்ணைத் தோண்டிக்கொண்டே போய் வைரம் பொறுக்குகிற விளையாட்டை மெஷினில் ஆடுவார். அவருக்கும் புது மெஷின்மேல் கண் இருந்தது.

“அதுல ஆடுனா எப்படி இருக்கும்ங்க?” என்று அவளே ஒருநாள் கேட்டாள்.

“எப்படி இருக்கும்? இப்பம் மாட்டுவண்டி மாதிரி போகுது. அது வந்துட்டா வழுக்கிட்டுப் போகும்லா. அத்தனை வைரமும் நமக்குத்தான்.”

வல்லிநாயகத்திடம் அவள் நேரிலேயே போய்ப் பேசினாள். “அண்ணாச்சி, புது மெஷின் போடுதேன். இதைவிட அஞ்சு மடங்கு வேகம். லாரி வந்து நிக்கதுக்குள்ள ஷீட்டு ரெடியா இருக்கும்.”

“நிச்சயமாவாம்மா? சீசன்ல லோடு ரெண்டு பங்காயிரும். உன்னை நம்பி நான் கோட்டயத்து வியாபாரிகிட்டயும் வாக்குக் கொடுத்துருவேன்.”

“கொடுங்க அண்ணாச்சி” என்றாள். அந்த மெஷினை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்த மதுரைக் கடைக்காரர் பங்குனியில் வரும் என்றார், சித்திரையில் என்றார். கடைசியில் ஆனிச் சாரல் பிடித்த பிறகுதான் பெட்டி வந்தது. வந்த அன்று கணபதிசுப்பிரமணியன் லாட்ஜுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து விளையாட்டைப் போட்டார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். தோண்டுகிற ஆள் கண்ணுக்குத் தெரிவதற்குள் பிசாசுகள் வந்து விழுங்கிவிட்டன. மறுபடி போட்டார், மறுபடியும் செத்தார். பழைய சிப்பின் வேகத்துக்கென்று எழுதிய விளையாட்டு அது, புதுசில் தலைதெறிக்க ஓடியது.

“என்னட்டி இது, ஆடவே விடமாட்டேங்குது!”

குழல் சிரித்தாள். மெஷின் முகப்பில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கி வேகத்தைக் குறைத்துக் கொடுத்தாள். அப்போதும் பிசாசுகளே ஜெயித்தன.

மறுநாள் வல்லிநாயகம் தானே பஸ் ஏறி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குழல் சீட்டுகளை ஏற்றி முடித்துப் பிரிக்கச் சொன்னாள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் முடிந்துவிட்டது. “அட!” என்றார் வல்லிநாயகம். குழலுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்புறம் பிரிண்டரை ஓடவிட்டாள். அது கர்ர், கர்ர் என்று ஒவ்வொரு வரியாக அரைக்கத் தொடங்கியது. பழைய மெஷினில் எப்படி அரைத்ததோ அப்படியேதான். முதல் லாரி வந்தது, ரெண்டாவது வந்தது. சுடலைக்கண்ணு ஹாரன் அடித்தார்.

“ஏம்மா, இதுதான் அஞ்சு மடங்கா?” என்று கேட்டார் வல்லிநாயகம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

அவர் போன பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. முன்னாலெல்லாம் பிரிக்கிற நேரமே மலையாக இருந்ததால் அச்சடிக்கிற நேரம் கண்ணில் படவில்லை. இப்போது மலை போய்விட்டது, பின்னால் இருந்த குன்று தெரிந்தது. பிரிண்டர் அரைக்கும்போது சிப் என்ன செய்கிறது என்று யோசித்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவளும் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

அச்சு ஓடும்போதே அடுத்த வேலையைத் தட்டுகிற வசதி பழைய மெஷினிலும் இருந்தது. ஆனால் அதை ஓடவிட்டால், தட்டிய எழுத்து திரையில் வருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். அதனால் அதைத் தொடுவதையே விட்டிருந்தாள். இப்போது புதுசில் சோதித்துப் பார்த்தாள். பிரிண்டர் பாட்டுக்கு அரைத்தது, எழுத்து விரலோடு விரலாக வந்தது.

பிரிப்பதற்கு நேரமே ஆகாதபோது எல்லா லாரிச் சீட்டையும் எதற்கு ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டும், ஒவ்வொரு லாரியாகப் பிரித்து அச்சுக்கு விட்டால் போதாதா? காலையில் புளியங்குடிக்கு டிரங்க் கால் போட்டாள்.

“அண்ணாச்சி, இன்னைக்குச் சீட்டை லாரி லாரியா தனியாக் கட்டிக் கொடுத்துவிடுங்க. முதல்ல கிளம்புத லாரிக் கட்டு மேல இருக்கட்டும்.”

“அதுல என்ன ஆகும்?”

“பாப்போம் அண்ணாச்சி. முன்ன மாதிரி இன்னைக்கு வாக்கு ஒண்ணும் கொடுக்கமாட்டேன்.”

முதல் கட்டை ஏற்றிப் பிரித்து அச்சுக்கு விட்டுவிட்டு, அது அரைக்கும்போதே ரெண்டாவது கட்டைத் தட்டினாள். சுடலைக்கண்ணு வந்து பிரேக் போட்டபோது அவருடைய ஷீட் மேஜைமேல் மடித்து இருந்தது. ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

“என்ன டீச்சர், இன்னைக்கு டீகூடக் குடிக்க விடமாட்டேங்கியளே!”

“போய்ச் சேருங்க அண்ணாச்சி, மலையில மழை.”

அந்தச் சீசன் முழுக்க லாரி ஒன்றுகூட அவள் வாசலில் காத்துக் கிடக்கவில்லை. கோட்டயத்துக்காரர் வல்லிநாயகத்துக்கு அனுப்பிய பலாப்பழத்தில் ஒன்று குழலுக்கும் வந்தது. புரட்டாசியில் ஆலங்குளத்துத் தக்காளி வியாபாரிகள் ரெண்டுபேர் தேடி வந்து, தங்களுக்கும் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். இந்தத் தடவை குழல் உடனே தலையாட்டிவிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு விட்டுவிட்டு ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினாள். தக்காளிக் கூடை எடை போடுவதிலிருந்து லாரி கிளம்புவது வரைக்கும் மார்க்கெட்டில் நின்று, வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.