கட்டுத்தரைக்கு வேண்டிய இருட்டு

எங்கள் தோட்டம் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் பம்ப்செட் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். கட்டுத்தரையும் அதில் நிற்கும் மூன்று கறவை மாடுகளும் என் பொறுப்பு.

ஒரு கோடையில், எங்கள் வேலியை ஒட்டிய சோளக்காட்டைக் குத்தகைக்கு எடுத்து ஒருவர் கிரிக்கெட் டர்ஃப் போட்டார். பச்சை விரிப்பு, சுற்றிலும் வலை, உயரக் கம்பங்களில் விளக்குகள். பகல் வெயிலில் யாரால் ஆட முடியும்? ஐ.டி. கம்பெனிப் பையன்கள் பொழுது சாய்ந்ததும் பைக்கில் வந்து இறங்கி, ஊர் அடங்கிய பிறகும் ஆடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. பாம்பு பயமில்லாமல் பின்பக்கம் போய்வரலாம்.

அந்தக் கோடையில் எங்கள் ஜெர்சி மாடு சினைப்பருவத்துக்கே வரவில்லை. கன்று போட்டு மாதங்கள் ஆகியும் ஒரு கத்தல் இல்லை, பின்பக்கம் வழும்பு ஒழுகவும் இல்லை. பாலும் இறங்கிப்போனது. கால்நடை டாக்டரம்மாவை வரச் சொன்னேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் விளக்குகள் எரிந்து, கட்டுத்தரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்க அக்கா, இந்த மாட்டுக்கு ராத்திரின்னு ஒண்ணு வருதுங்களா?”

பிறகு விளக்கமாகச் சொன்னார். இருட்டினால் மாட்டின் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்குமாம். பொழுது அடங்கிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சுரப்பு குறைந்துவிடும். ஓய்வு, உடம்புச் சூடு, மற்ற ஹார்மோன்கள் எல்லாம் அந்த இரவு பகல் கணக்கை ஒட்டித்தான் ஓடுகின்றன. பருவம் தள்ளிப்போக வெயில்தான் பெரிய காரணம், வெளிச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் மாட்டின் மேல் தண்ணீர் தெளித்து, காற்றோட்டம் கொடுத்து, இருட்டையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

மாட்டுக்குத் தூக்கம் வரவில்லை என்று டர்ஃப்காரரிடம் போய் நின்றால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். நான் தனியாகப் போனேன். டர்ஃப்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்லவேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தும், வாயில் வந்தது இதுதான்:

“தம்பி, எங்க மாடு தூங்க மாட்டேங்குதுங்க.”

சத்தத்தைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, பையன்களைக் கத்தாமல் ஆடச் சொல்வதாகச் சொன்னார். சத்தமில்லை, வெளிச்சம் என்று மெலடோனின் கதையைச் சொன்னேன். மட்டையோடு நின்றிருந்த ஒரு பையன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“ராத்திரி போனைப் பாக்காதீங்கன்னு டாக்டர் எனக்கும் இதையேதான் சொன்னாருங்க அக்கா.”

டர்ஃப்காரர் என்னோடு வந்து கட்டுத்தரையில் நின்று பார்த்தார். மாட்டின் மேல் அவர் நிழலே தெளிவாக விழுந்தது. மறுநாள் காலையில் எங்கள் பக்கத்து விளக்குகளைக் கீழே திருப்பித் தகர மூடி போட்டார், வேலி நெடுக நிழல்வலை கட்டினார். வர மறுத்த என் வீட்டுக்காரர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இருட்டியதும் மாடு படுத்து அசைபோட ஆரம்பித்தது. பந்து எடுக்க வேலி தாண்டி வரும் பையன்கள் அதற்குப் பிறகு பூனை மாதிரி நடந்து, “தூங்கிருச்சுங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள்.

நடுவில் ஒரு நல்ல கோடை மழையும் பெய்தது. கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடிகாலை மாடு கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எழுந்து வந்துவிட்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மா வந்து சினை ஊசி போட்டார். சினை பிடித்தது. இருட்டுதான் காரணமா என்று கேட்டேன். மழை, தண்ணீர், இருட்டு மூன்றுக்கும் பங்கு போடச் சொன்னார். ஏணிக்கும் ஒரு பங்கு உண்டு என்றார் வீட்டுக்காரர்.

கிடாரிக் கன்று பிறந்தது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துத் தூக்குப்போசியில் டர்ஃபுக்குக் கொண்டுபோனேன். பாதிப் பேர் அதைச் சாப்பிட்டதே இல்லை. பன்னீரா, கேக்கா என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டே வழித்துத் தின்றார்கள். ஆட்டம் அன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.