ஓலைப்பெட்டி மூடிய பந்து

பழைய என்ஜின் ஆயிலை மணலில் கொட்டிக் கிளறும்போது ஒரு வாசனை வரும். உப்புக்காற்றோடு சேர்ந்து அது தொண்டையில் உட்காரும். எங்கள் கிளப்பில் சாம்பியன்ஷிப் வந்துவிட்டது என்பதற்கு அந்த வாசனைதான் நோட்டீஸ்.

தூத்துக்குடியில் கோல்ஃபா என்று சிரிக்காதீர்கள். சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கைவிட்ட உப்பளத்தை மேடாக்கிய தரை. ஒன்பதே குழி. புல் முளைக்காது. அதனால் குழியைச் சுற்றி ஆயில் கலந்த மணலைப் பரப்பிச் சமப்படுத்துவோம். அதற்குப் பெயர் 'பிரவுன்'.

நான் அந்த கிளப்பில் ஆபீஸ் அசிஸ்டென்ட். என் முதல் வேலை அது. யாரோடு யார் மோதுவது என்கிற டிரா ஷீட்டை நான்தான் டைப் அடிப்பேன். ஆனால் துறைமுகத்திலிருந்து கப்பல் லிஸ்ட் வராமல் ஒரு பெயரையும் அடிக்க முடியாது. மெம்பர்களில் பாதிப்பேர் கப்பலை நம்பிப் பிழைத்தவர்கள்... பைலட், ஏஜென்ட், உப்பு ஏற்றுமதிக்காரர். கப்பல் வரும் நேரம் பார்த்துத்தான் ஆட்ட நேரம் போடுவோம்.

அப்படியும் நடுவில் அழைப்பு வரும். அதற்கு எங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். காக்காய் தூக்காமல் இருக்க அதன் மேல் ஒரு பனை ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுவோம். போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்து ஆடலாம். வராவிட்டால் எதிராளி ஜெயித்ததாகக் கணக்கு.

அந்த வருஷம் ஃபைனலில் தங்கராஜ் அண்ணாச்சியும் கேப்டன் பர்னாந்தும். அண்ணாச்சி உப்பு வியாபாரி. கேப்டன், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட்.

அண்ணாச்சி அதற்கு முன்பும் ஃபைனல் வந்து தோற்றிருக்கிறார். கிளப் வராந்தாவில் ஜெயித்தவர்கள் பெயரைப் பொன் பெயின்டில் எழுதிய பலகை ஒன்று உண்டு. அதன் முன் நின்று ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"ஏளா, இந்தத் தரைல எங்கப்பா கூலிக்கு உப்புப் பாத்தி மிதிச்சிருக்காரு. மு. தங்கராஜ்னு இங்கன எழுதுனா, அந்த 'மு' யாரு? எங்கப்பா முத்தையாதான? அவருக்காவது ஒரு எழுத்து கெடக்கட்டும்."

எனக்கு அன்றைக்கே அவர் ஜெயிக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஆபீஸில் இருக்கிறவள் ஒரு பக்கம் சாயக்கூடாதுதான். சாய்ந்தேன்.

ஃபைனலில் கடைசிக் குழி வரை இருவரும் சமம். இரண்டு பந்தும் பிரவுன் மேல், அதுவரை அடித்த அடிகளின் எண்ணிக்கையும் ஒன்றுதான். அண்ணாச்சி பந்து சற்றுத் தள்ளி, கேப்டன் பந்து கிட்டத்தில். அப்போதுதான் கேப்டனின் வாக்கி டாக்கி கத்தியது. டியூட்டியில் இருந்த பைலட்டுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை. கப்பல் வெளியே நிற்கிறது.

கேப்டன் அண்ணாச்சியைப் பார்த்தார். "போயிட்டு வாங்க கேப்டன்" என்றார் அண்ணாச்சி. நான் இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்தேன்.

சாயங்காலக் காற்று ஏறியது. அண்ணாச்சி தன் பெட்டி மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, கேப்டனின் பெட்டியைக் கையாலேயே அழுத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். பொழுதும் சாய்ந்தது. கேப்டன் வரவில்லை.

செக்ரட்டரி கை நீட்டினார். "அண்ணாச்சி, சட்டப்படி நீங்க சாம்பியன்."

"கேப்டன் வரட்டும் சார்."

"வந்தாலும் ஆட முடியாது. பொழுது போயிட்டு."

"அவரு கப்பல எடுக்கப் போயிருக்காரு, எனக்குப் பயந்து ஓடிப் போகல. கப்பல் வந்தாத்தான் என் உப்பும் போகும். அப்படிப்பட்ட மனுசன் இல்லாத நேரத்துல ஜெயிச்சு, அதுல எங்கப்பா எழுத்த எழுதச் சொல்லுதீங்களா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கைக்கு வந்ததை வேண்டாம் என்கிறாரே இந்த மனுஷன்...

நன்றாக இருட்டத் தொடங்கிய பிறகு கேப்டன் வந்தார். லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை, சட்டை நனைந்திருந்தது. இரண்டு காரை நிறுத்தி ஹெட்லைட் போட்டார்கள். தள்ளி இருப்பவர் முதலில் ஆட வேண்டும். அண்ணாச்சி ஆடினார். பந்து குழிக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது. கேப்டன் பந்து உள்ளே போய்விட்டது.

யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் பெயின்டர் வந்தபோது கேப்டன் சொன்னார்: "பொழுது சாஞ்சப்புறம் வந்தவன் நான். அண்ணாச்சி பேர எழுதுங்க." அண்ணாச்சி, "குழில போட்டது அவரு, அவரு பேரத்தான் எழுதணும்" என்றார். இருவரும் இறங்கி வரவே இல்லை. கமிட்டி சலித்துப்போய், வருஷத்தை மட்டும் எழுதி, பக்கத்தில் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஃபைனல் பக்கமே வரவில்லை. ஒருமுறை அவரைக் கடையில் பார்த்தபோது, "வருத்தமில்லையா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லாம இருக்குமாளா? இருக்கத்தான் செய்யுது" என்றார்.

இன்று அந்தத் தரை முழுக்க கன்டெய்னர் அடுக்கியிருக்கிறது. பலகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குக் கேப்டன் வந்திருந்தார், கம்பு ஊன்றிக்கொண்டு. கம்பைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

நேற்று சென்னையிலிருந்து என் மகன் அவன் கிளப் சாம்பியன்ஷிப்பின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். இப்போது எல்லாம் ஆப்பில்தான்... டிரா, ஸ்கோர், யார் முன்னால், எல்லாமே. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் 'விலகினார்' என்று இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"அவனுக்கு ஆபீஸ்ல இருந்து அவசரமா கால் வந்துச்சும்மா. பாதில போயிட்டான்."

"அப்போ அவன் பந்த என்ன செஞ்சீங்க?"

"பந்தா? எந்தப் பந்து?"

ஒன்றுமில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.