ஆளில்லாத மாடிக்கு வருகைப் பதிவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளைச் சாவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். சம்பளம் போடுகிற ஆபீசுக்கு மட்டும் அது தெரியும். தரைத்தளம், மேலே இரண்டு மாடி, இத்தனைக்குமான சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பாள். அந்தப் பாரத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்து பழகி, கொத்தைக் கழற்றி வைத்த ஒருநாள் நேராக நடக்கத் தெரியாமல் சுவரில் போய் இடித்துக்கொண்டாள் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அவள் இடித்தது சுவரில் அல்ல, தலைமையாசிரியை மேல்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் உட்கார இடம் கிடையாது. படிக்கட்டில் ஒரு வகுப்பு, வராந்தாவில் ஒரு வகுப்பு என்று நடக்கும். பிறகு சுற்றியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் குடோனாகவும் ஆபீசாகவும் மாறின. குடோன் பிள்ளை பெறுமா? முதலில் இரண்டாம் மாடி காலியானது. அடுத்து முதல் மாடி. மிச்சமிருந்த பிள்ளைகள் வெள்ளம் வடிகிற மாதிரி தரைத்தளத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். சாயங்காலமானால் தெருவே ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு போய்விடும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் சாவியம்மா மட்டும் இருப்பாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று. பிள்ளை குட்டி இல்லை. வேறு ஊரில் ஒரு தங்கை, வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள்.

"அக்கா, அவ்வளவு பெரிய கட்டடத்துல தனியா எப்படித்தான் இருக்கியோ!"

"யாரு தனியா? மேல ரெண்டு மாடி நிறைய ஆளு. சத்தம் தாங்க முடியல."

தங்கை சிரிப்பாள். வேடிக்கைப் பேச்சு என்று அவள் நினைப்பு.

மூடிக் கிடந்தால் அறை ஈரம் கோத்துக்கொள்ளும், கதவு உப்பி நிலையில் சிக்கிக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் மாடி அறைகளைத் திறந்து காற்று விடுவது அவள் வேலை. திறந்தால் கூட்டத் தோன்றும். கூட்டினால் துடைக்கத் தோன்றும். ஒருநாள் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது கரும்பலகை கண்ணில் பட்டது. அதில் கடைசி வகுப்பு நடந்த நாளின் தேதி அப்படியே இருந்தது. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தால் கை தானாகச் சாவி கொடுக்கப் போகுமே, அந்த மாதிரி அவள் அதை அழித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினாள். தேதி எழுதிவிட்டு வகுப்பு எழுதாமல் விடுவதா? வகுப்பு எழுதிவிட்டு, மொத்தம் எத்தனை பேர், வந்தது எத்தனை பேர் என்று மூலையில் போடாமல் விடுவதா? போட்டாள். எல்லா அறையிலும் போட்டாள். வந்தவர் கணக்கில் எப்போதும் ஒன்றைக் குறைத்துத்தான் போடுவாள். முழு வகுப்பும் வந்தது என்று எழுத அவளுக்கே கூசியது. உலகத்தில் எந்த வகுப்பில் எல்லாரும் வந்திருக்கிறார்கள்?

வராதவர்களுக்குத் திட்டும் உண்டு. "இன்னிக்கும் வயித்து வலியா? நேத்து ஓட்டப் பந்தயத்துல எங்க போச்சு அந்த வயித்து வலி?" என்று ஜன்னலோரப் பெஞ்சைப் பார்த்து ஓர் அதட்டல். போகும்போது பெஞ்சுகளைக் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டுப் போவாள். ஒழுங்காக நிற்கிற பெஞ்சு ஆள் உட்காராத பெஞ்சு. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது.

இதெல்லாம் தலைமையாசிரியைக்குத் தெரியாது. அவருக்கு முட்டிவலி. படிக்கட்டைத் தூரத்தில் கண்டாலே முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிடும். மாடிப் பக்கம் போய் அவருக்கு எத்தனையோ வருஷம்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, மாவட்ட ஆபீசிலிருந்து கட்டடக்காரர் வந்தார். இளவயசு, தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் குட்டிச் சுத்தியல். நகரத்துப் பள்ளிக்கூடங்கள் அத்தனையிலும் எந்த அறை நன்றாக இருக்கிறது, எந்த அறையில் வகுப்பு நடக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பிள்ளைகள் இருந்தால் சுவரைத் தட்டிப் பார்க்க விடமாட்டார்கள், சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று விடுமுறையில்தான் வருவாராம். தலைமையாசிரியை தரைத்தளத்தைக் காட்டிவிட்டு, "மேல சாவியம்மா காட்டுவாங்க சார்" என்று கம்பி நீட்டிவிட்டார்.

"ஒவ்வொரு ரூமா விளக்கம் வேண்டாம்மா," என்றார் கட்டடக்காரர், படியேறிக்கொண்டே. "உள்ள நுழைஞ்சாலே எனக்குத் தெரிஞ்சிடும், ஆள் புழங்குற ரூமா இல்லையான்னு. மூக்கே சொல்லிடும்."

நுழைந்தார். தரை பளிச்சென்று இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒட்டடை இல்லை. பலகையில் வெள்ளிக்கிழமைத் தேதி. பெஞ்சுகள் இப்போதுதான் யாரோ எழுந்து ஓடின மாதிரி. மூக்கு என்ன சொல்லும்?

"வருகையில ஒண்ணு குறையுதே?" என்றார் பலகையைப் பார்த்து, சும்மா.

"ஜுரம்," என்றாள் சாவியம்மா.

வாய் தவறி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதை ஜுரம் என்று முடிவு செய்து வைத்திருந்தாள், என்ன செய்வது? திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர், "கீழ இருக்கறதைவிட மேல எவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க! இந்த மாதிரி ஆள் ஒரு ஸ்கூல்லயும் பார்த்ததில்லம்மா" என்றுவிட்டார். அவள் வேலையைப் பார்த்து யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி எவ்வளவு காலம்! எடுத்த வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனார்.

மழைக்காலம் ஆரம்பித்தது. மார்க்கெட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு விடியற்காலையில் கூரை இடிந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளை எங்கே காலி அறை இருக்கிறதோ அங்கே அனுப்புவதாகப் பேச்சு. சாவியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலி அறையா? இந்த நகரத்தில் அவளிடம் இருக்கிற மாதிரி யாரிடம் இருக்கிறது? ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டாள். பெஞ்சு ஆணிகளைத் தட்டி உள்ளே இறக்கினாள்.

வாரக் கடைசியில் தலைமையாசிரியை ரூமிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

"சாவியம்மா! மேல யாரு குடியிருக்கா?"

"யாருமில்லீங்களே மேடம்."

"அப்புறம் ஏன் நம்மகிட்ட இடமில்லைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க? நம்ம ஸ்கூல் நிரம்பி வழியுதாம்! மாவட்டத்துலயே நல்லாப் பயன்படற இடம் நம்ம ரெண்டாம் மாடிதானாம்! கீழ்த்தளத்துக்கு 'மோசம்'னு போட்டிருக்கான் அந்தச் சுத்தியல்காரன். பெஞ்சுல கிறுக்கலாம், கண்ணாடி உடைசலாம். பின்ன? புள்ளைங்க இருந்தா உடையாதா? இல்லாத இடத்துலதான் உடையாது!"

சாவியம்மா வெளியே வந்தாள்.

மத்தியானம் சாப்பிடாமல் மார்க்கெட் பக்கம் நடந்தாள். பழைய பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பாதிப் பிள்ளைகள் உள்ளே. தகரத்தில் மழை அடிக்கிற அடியில் டீச்சர் வாய் அசைந்ததே தவிர ஒரு சொல் கேட்கவில்லை. மீதிப் பாதி, தங்கள் முறைக்காக வேலி ஓரம் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனை தலைகளையும் தன் மாடிக்கு வரவிடாமல் தடுத்தது தன்னுடைய சாக்பீஸ்தான் என்று அவளுக்கு உறைத்தது. அங்கிருந்து நேராக மாவட்ட ஆபீசுக்குப் போனாள்.

கட்டடக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா! என்ன விஷயம்?"

"சார், மேல யாரும் இல்ல."

"எங்க மேல?"

"எங்க ஸ்கூல்ல. ரெண்டு மாடியிலயும். போர்டுல எழுதினது நான்தான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்த ஜுரம் வந்த பையன்?"

"பொண்ணு," என்றாள் சாவியம்மா. "பொண்ணுதான் சார். அவளும் இல்ல."

பக்கத்து மேசைக்காரர் காகிதத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். கட்டடக்காரர் காது சிவந்துவிட்டது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

யோசித்துப் பார்த்தாள். "தேதி பழசா இருந்துச்சு சார்" என்றாள்.

"ஆளே இல்லாத மாடிக்கு நம்பர் ஒன்னு பட்டம் குடுத்தேன்னு நான் போய்ப் பெரிய அதிகாரிகிட்ட சொல்லணுமா? என் மூக்கு என்னத்துக்கு ஆகும்?"

"அதான் எல்லாத்தையும் சொல்ற மூக்காச்சே. இதையும் சொல்லட்டும்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

கட்டடக்காரர் அவரை முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதைக் கேளுங்கம்மா. காலின்னு எழுதினா புள்ளைங்கதான் வருவாங்கன்னு நினைக்காதீங்க. மாவட்டம் பூரா உடைஞ்ச மேசை நாற்காலி போட இடமில்லாம கிடக்கு. ரெண்டு மாடியையும் அதுக்குக் குடுத்துட்டா? அடைச்சு சீல் வெச்சிருவாங்க. அப்புறம் ஒரு ஜன்னலைத் திறக்கக்கூட நீங்க மேல போக முடியாது. இப்ப இருக்கிற மாதிரியே விட்டா, உங்க மாடி உங்களுக்கு."

"புள்ளைங்க வரவும் வழி இருக்கில்ல?"

"இருக்கு. என் கையில இல்ல."

"அப்ப எழுதுங்க சார்."

"சரி. பெரியவரையே நேர்ல கூட்டிட்டு வரேன். போய் எல்லா போர்டையும் அழிச்சிடுங்க. அதுக்கப்புறம் நாங்க வர்ற வரைக்கும் மாடிக்கு ஏறவே கூடாது. நீங்க தொட்டீங்கன்னா மறுபடியும் குடித்தனம் நடக்கிற மாதிரி ஆயிடும்."

அன்று சாயங்காலம் ஒவ்வொரு அறையாக அழித்தாள். கடைசி அறையில் ஜன்னலோரப் பெஞ்சுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். "ஜுரம் விட்டாலும் வர வேண்டாம்" என்றாள். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நகரவில்லை. முதல் மாடியில் எந்த ஜன்னலையோ கொக்கி போடாமல் விட்டுவிட்டாள் போலிருக்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் டமார் டமார் என்று அடித்துக்கொண்டது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஏறக் கூடாது. படிக்கட்டில் தூசி மெல்லிசாகப் படிந்தது, பிறகு கனத்தது. அதன்மேல் புறாக்களின் கால்தடம். பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டைப் பூட்டிவிட்டுத் தன் அறையில் உட்கார்ந்தால், தலைக்குமேல் இரண்டு மாடி வெறுமையும் அப்படியே இறங்கித் தோளில் உட்கார்ந்துகொள்ளும். இத்தனை காலம் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவள்தான் அதற்குத் தேதியும் ஜுரமும் கொடுத்து ஏய்த்து வைத்திருந்தாள்.

தங்கை போன் செய்தாள். "என்னக்கா, குரலே சரியில்ல? மேல இருக்கிற ஆளுங்கெல்லாம் சௌக்கியமா?"

"லீவு விட்டிருக்கு" என்றாள் சாவியம்மா.

ஒருவழியாகப் பெரிய அதிகாரி வந்தார். முதல் படியில் ஒரு தும்மல், நடுப்படியில் இரண்டு, மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடுக்கடுக்காகத் தும்மி, கண்ணில் நீர் வழிய, "யோவ், இங்க மனுஷன் வந்து ஒரு யுகம் ஆகியிருக்கும்யா! இதையா நிரம்பி வழியுதுன்னு எழுதினே?" என்று கத்தினார். கட்டடக்காரர் திட்டு வாங்கிக்கொண்டே சாவியம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு காலையில் கேட்டுக்கு முன்னால் லாரி வந்து நின்றது. மேலே மேசையும் பெஞ்சுமாகக் குவிந்திருந்தது. உடைசல் சாமானோ என்று சாவியம்மாவுக்குப் பயம். ஓடிப் போய்ச் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள்.

"ஏம்மா, விழுந்து தொலைக்காதே! என்ன தேடுறே?" என்றார் டிரைவர்.

அவள் ஒரு பெஞ்சைப் பிடித்துப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். கால்கள் எல்லாம் இருந்தன. அடியில் ஒட்டியிருந்த பபிள்கம் இன்னும் மெத்தென்று இருந்தது.

"புள்ளைங்க பெஞ்சு," என்றாள்.

பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் அவர்கள் தனிப் பள்ளிக்கூடமாகவே வந்தார்கள். தங்கள் தலைமையாசிரியரோடு, தங்கள் மணியோடு, தங்கள் பியூனோடு. அந்தத் தலைமையாசிரியர் மரியாதைக்காரர். "அம்மா, இனிமே மாடி எங்க பொறுப்பு. நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று சொல்லி மாடிச் சாவிகளை வாங்கிக்கொண்டார். இரண்டு பள்ளிக்கூடமும் கலந்துவிடாமல் இருக்க உள்படிக்கட்டுக் கதவை மாடிப் பக்கமாகத் தாழ் போட்டார்கள். பிள்ளைகள் பின் சந்து வழியாக, வெளிப்படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். சாவியம்மாவின் அறையிலிருந்து சந்து தெரியாது. மேலே நாள் முழுக்கக் காலடி. பெஞ்சு இழுக்கிற சத்தம். ஒரே குரலில் வாய்ப்பாடு. ஒரு முகத்தையும் அவள் பார்க்கவில்லை. நம் தலைமையாசிரியை, "அப்பப்பா, தலையே வெடிக்குது!" என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். சாவியம்மாவோ மத்தியானச் சாப்பாட்டை எங்கே சத்தம் அதிகமோ அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். மேலே குதித்தால் தட்டில் சுண்ணாம்பு உதிரும். கையால் மூடிக்கொள்வாள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கையில் முற்றத்தில் பொத்தென்று ஏதோ விழுந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு செருப்பு. சின்னது, வார் பிய்ந்து ஊக்கு மாட்டியது.

எடுத்துக்கொண்டு அண்ணாந்தாள். "யாருதுடீ இது? யாருதுடா?"

ஜன்னல்களில் ஒரு தலையும் இல்லை. உள்ளே கிசுகிசுப்பு, ஒரு 'உஷ்'.

"கேக்கறேன்ல! யாருது?"

"எங்களுது இல்ல!" என்று ஒரு மாடியே சேர்ந்து கத்தியது. அடுத்த நொடி, அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் வெடித்துச் சிதறியது.

"ஓஹோ! அப்ப ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சாக்கும்!"

"ஆமா!"

சாவியம்மா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே யாரோ ஒற்றைக் காலில் நின்றுகொண்டுதான் 'எங்களுது இல்ல' என்று கத்தியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தாள். கையைக் கழுவி, செருப்பை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, பின் சந்துப் பக்கம் நடந்தாள்.